மஞ்சள், முருங்கை, நெல்லி: சிறுநீரகப் புற்றுநோய்க்கு உணவில் மருந்து உண்டா?

காயத்துக்கு மஞ்சள், தடிமனுக்கு மஞ்சள், கொவிட் காலத்தில் கொத்தமல்லிக் குடிநீரிலும் மஞ்சள். இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை ஏறிய நாட்களிலும் எங்கள் வீடுகளில் மஞ்சள் இல்லாமல் அடுப்பு எரியவில்லை. இப்போது அதே மஞ்சளைப் புற்றுநோய்க்கும் மருந்தென்று சொல்கிறார்கள். மஞ்சளை மட்டுமல்ல, கருஞ்சீரகம், முருங்கையிலை, பச்சைத் தேயிலை, நெல்லிக்காய் என்று பட்டியல் நீளமானது. இதில் எவ்வளவு உண்மை என்பதைச் சிறுநீரகப் புற்றுநோய் என்ற ஒரே நோயை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க்க விரும்புகிறேன். "புற்றுநோய்" என்று பொதுவாகப் பேசினால் எதையும் சொல்லிவிடலாம். ஒரு நோயைப் பிடித்துக்கொண்டால்தான் கேள்வி கூர்மையாகும். உயிரியல் பிரிவில் படிக்கும் தோழியருக்கு இதில் வரும் பல சொற்கள் பாடப்புத்தகத்திலேயே அறிமுகமானவை. பெற்றோருக்காக அவற்றை இயன்றவரை எளிமையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கவேண்டும். இலங்கையில் "கிட்னி வருத்தம்" என்றதும் எல்லோருக்கும் வட மத்திய மாகாண விவசாயிகளைத் தாக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய்தான் நினைவுக்கு வரும். அது சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய். நான் எழுதுவது வேறு நோயைப் பற்றி. சிறுநீரகத்தின் சில கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகிக் கட்டியாவதைப் பற்றி. உலகளவில் 2020 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 431,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும் 179,000 பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. புகைத்தல், அதிக உடற்பருமன், உயர் குருதியமுக்கம் ஆகிய மூன்றும் இதன் முக்கியமான ஆபத்துக் காரணிகள்.

சிறுநீரகப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை சிறுநீரகத்தியின் சிறுகுழாய்க் கலங்களிலிருந்து தோன்றுகின்றன. அவற்றிலும் நான்கில் மூன்று பங்கு "தெளிகல" வகை. நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது இக்கலங்கள் வெறுமையாக, கண்ணாடிபோலத் தெரிவதால் இந்தப் பெயர். உண்மையில் அவை வெறுமையானவை அல்ல. கொழுப்பும் கிளைக்கோஜனும் நிறைந்தவை. வழுக்கியைத் தயாரிக்கும்போது அவை கரைந்து போய்விடுகின்றன.

இந்த வகைப் புற்றுநோயின் வேர், மூன்றாவது நிறமூர்த்தத்தின் குறுகிய புயத்திலுள்ள வி.எச்.எல். என்ற பரம்பரையலகில் இருக்கிறது. அது 1993 இல் அடையாளம் காணப்பட்டது. அது உருவாக்கும் புரதத்தின் வேலை, "ஹிஃப்" என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்புவது. கலத்துக்கு ஒட்சிசன் குறையும்போது மட்டுமே ஹிஃப் தேவை. அப்போது அது "புதிய குருதிக்கலன்கள் வேண்டும்" என்று உத்தரவு போடும். ஒட்சிசன் போதியளவு இருந்தால் ஒரு நொதியம் ஹிஃபின்மீது ஐதரொட்சைல் கூட்டத்தைச் சேர்க்கும். அந்த அடையாளத்தைக் கண்டு வி.எச்.எல். அதை அகற்றும். கலங்கள் ஒட்சிசனை உணரும் இந்தப் பொறிமுறையைக் கண்டறிந்ததற்காகவே வில்லியம் கேலின், பீற்றர் ரற்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வி.எச்.எல். விகாரமடைந்து செயலிழந்தால் என்ன நடக்கும்? ஹிஃபை அகற்ற ஆளில்லை. சுற்றிலும் ஒட்சிசன் இருந்தும் கலம் மூச்சுத் திணறுவதாக நினைத்துக்கொண்டு குருதிக்கலன்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கட்டிக்குக் குருதி தாராளமாகக் கிடைக்கும். சிறுநீரகக் கட்டிகள் குருதிக்கலன்கள் நிறைந்தவையாக இருப்பதற்கு இதுவே காரணம். சுனிட்டினிப் போன்ற மாத்திரைகள் இந்தக் குருதிக்கலன் உத்தரவைத் தடுப்பவை. இதை மனதில் வைத்துக்கொண்டு மஞ்சளுக்கு வருவோம்.

மஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான சேர்வை குர்குமின். ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கப்பட்ட சிறுநீரகப் புற்றுநோய்க் கலங்கள்மீது குர்குமினை ஊற்றினால் அவற்றின் பெருக்கம் குறைகிறது, பல கலங்கள் இறக்கின்றன. இது பொய்யல்ல. ஆனால் தட்டு வேறு, உடல் வேறு. இங்கே ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். 2001 இல் தாய்வானில் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வரை குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். குருதித் தெளியத்தில் கிடைத்த உச்சச் செறிவு சராசரியாக லீற்றருக்கு 1.77 மைக்குரோமூல் மட்டுமே. குர்குமினின் மூலர்த் திணிவு 368. ஆகவே ஒரு லீற்றரில் ஏறத்தாழ 0.65 மில்லிகிராம். கலங்களில் செய்யும் பரிசோதனைகளில் 20 மைக்குரோமூல் போன்ற செறிவுகள் சாதாரணம். அது இதைவிட 11 மடங்கு. அந்த 8 கிராமும் குர்குமின், மஞ்சள்தூள் அல்ல. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு 3 பங்களவே உள்ளது. 8 கிராம் குர்குமினுக்குக் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள் தேவை. ஒரு நாளைக்கு! கறிக்குப் போடும் கால் தேக்கரண்டியை இந்தக் கணக்குக்குள் எங்கே வைப்பது?

குர்குமின் நீரில் கரைவது அரிது. குடலால் உறிஞ்சப்படும் சிறிதளவையும் ஈரல் உடனே வேறு சேர்வையுடன் இணைத்து வெளியேற்றிவிடும். மிளகிலுள்ள பைப்பரீன் இந்த வெளியேற்றத்தைத் தடுக்கும் என்பதை 1998 இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரீன் சேர்த்தபோது மனிதரில் உடலுக்குக் கிடைக்கும் அளவு 20 மடங்கு கூடியது. "மஞ்சளோடு மிளகும் சேருங்கள்" என்ற அறிவுரைக்கு அடிப்படை இதுதான். ஆனால் பைப்பரீன் குர்குமினுக்காக மட்டும் கதவைத் திறந்துவைப்பதில்லை. ஈரல் வெளியேற்ற வேண்டிய வேறு மருந்துகளும் அதனால் உடலில் தங்கிவிடக்கூடும்.

இன்னொரு சிக்கல் எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. குர்குமின் தானாகவே ஒளிர்கிறது, உலோக அயன்களைப் பிடித்துக்கொள்கிறது, கண்ட புரதங்களோடெல்லாம் தாக்கமடைகிறது. ஆகவே எந்தப் பரிசோதனையில் போட்டாலும் "வேலை செய்கிறது" என்று தோன்றும் முடிவைத் தந்துவிடும். 2017 இல் மருந்து இரசாயனவியலாளர்கள் சிலர் குர்குமின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 120 க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்திருந்தும், நோயாளிக்கும் வைத்தியருக்கும் எது மருந்து என்று தெரியாதவாறு போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்தப்பட்ட எதுவும் வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள்.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை மஞ்சளுக்கு இன்னொரு முகமும் உண்டு. மஞ்சளில் ஒட்சலேற்று அதிகம். கறுவாவிலும் அதிகம்தான். 2008 இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டையும் ஒரே அளவு ஒட்சலேற்று இருக்குமாறு கொடுத்துப் பார்த்தபோது மஞ்சள் சாப்பிட்டவர்களின் சிறுநீரில்தான் ஒட்சலேற்று கூடியது. மஞ்சளில் இருப்பது பெரும்பாலும் கரையக்கூடிய வடிவம். கறுவாவில் இருப்பது பெரும்பாலும் கரையாத வடிவம். கல்சியம் ஒட்சலேற்றின் கரைதிறன் பற்றி வகுப்பில் படிக்கும்போது அது யாருடைய சிறுநீரகத்துக்குள்ளாவது படியும் என்று நாம் நினைப்பதில்லை. கறிமஞ்சளால் யாருக்கும் பயமில்லை. கரண்டிக் கணக்கில், வில்லைக் கணக்கில் மாதக்கணக்காக விழுங்குவது வேறு விடயம். அதிலும் ஒரு சிறுநீரகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்பவருக்கு.

ஒரு சிறுநீரகத்தோடு வாழ்பவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். அவர் உம்மாவின் மூத்த காக்கா, எங்கள் பெரிய மாமா. கட்டியோடு சேர்த்து அவருடைய இடது சிறுநீரகத்தை எடுத்து ஒரு வருடத்தின் பின் நுரையீரலில் சிறு புள்ளிகள் தெரிந்தன. சுனிட்டினிப் மாத்திரை தொடங்கினார்கள். நாக்குப் புண்ணாகி, உள்ளங்கை தோலுரிந்து, சோறும் கசந்து போன நாட்கள் அவை. சுகம் விசாரிக்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கருஞ்சீரக எண்ணெய், மஞ்சள்-மிளகு வில்லை, பச்சைத் தேயிலை, பெயர் ஒட்டாத கஷாயப் போத்தல் இரண்டு. எல்லாம் அன்பினால் வந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கஷாயம் கொண்டுவந்தவர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். 40 நாளைக்கு ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்த வேண்டுமாம். "இரண்டும் ஒன்றாய்ப் போனால் கஷாயம் வேலை செய்யாது."

வீடு இரண்டாகப் பிரிந்தது. மாமா படும் வேதனையைப் பார்த்த உம்மா, "40 நாள்தானே, கொஞ்சம் ஆறுதலாவது கிடைக்கட்டும்" என்றார். மாமி ஒரே பிடியாக இருந்தார். எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். டொக்டர் கோபிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "இதை ஏன் முதலே காட்டவில்லை?" என்று மட்டும் கேட்டாராம். மாத்திரையை நிறுத்தவில்லை. அளவைக் குறைத்து, புண்ணுக்கு வாய் கொப்பளிக்கும் மருந்து கொடுத்தார். பச்சைத் தேயிலையையும் மிளகு வில்லையையும் ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

ஏன் அந்த இரண்டையும் ஒதுக்கினார் என்று தேடிப் பார்த்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கான விடயமே எனக்குக் கிடைத்தது. பச்சைத் தேயிலையின் முக்கிய கட்டெக்கின் ஈ.ஜி.சி.ஜி. இதுவும் ஆய்வுகூடத் தட்டில் புற்றுநோய்க் கலங்களை அடக்கும் சேர்வைதான். ஆனால் 2011 இல் வெளியான ஓர் ஆய்வு, ஈ.ஜி.சி.ஜி. கரைசலும் சுனிட்டினிப் கரைசலும் கலந்தால் வீழ்படிவு உண்டாவதையும், எலிகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் குருதிக்குப் போகும் மருந்தின் அளவு குறைவதையும் காட்டியது. புற்றுநோய்க்கு எதிரி என்று குடிக்கும் பானம், புற்றுநோய் மருந்தை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது! மிளகு வில்லையின் சிக்கல் இதற்கு நேரெதிர். சுனிட்டினிப்பை உடைப்பது ஈரலிலுள்ள ஒரு நொதியம். பைப்பரீன் அதைத் தடுத்தால் மருந்து அளவுக்கு மீறிக் கூடலாம், புண்ணும் கூடும். கிரேப்ஃபுரூட் பழத்தைத் தவிர்க்கச் சொல்வதும் இதே நொதியத்துக்காகத்தான். நமது ஜம்போலா கிரேப்ஃபுரூட்டின் மூதாதைப் பழம் என்பதால் அதையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

மாமாவின் அடுத்த ஸ்கேனில் புள்ளிகள் பெரிதாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கஷாயம் தந்தவர் அது தன் மருந்தின் பலன் என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்கிறார். அந்தப் போத்தல்கள் திறக்கப்படவே இல்லை என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

கருஞ்சீரகத்துக்கு நம் வீடுகளில் தனி மரியாதை உண்டு. அதிலுள்ள தைமோகுவினோன் சிறுநீரகப் புற்றுநோய்க் கலங்களின் பரவலைத் தட்டில் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. அதற்கு மேல் இப்போதைக்குச் சொல்ல அதிகமில்லை. உணவில் தூவிச் சாப்பிடுவது ஒன்று, அதன் எண்ணெயை மருந்துக்குப் பதிலாகக் குடிப்பது இன்னொன்று.

புரொக்கோலி, கோவா, முள்ளங்கி, முருங்கை ஆகியவற்றின் கதை சுவையானது. புரொக்கோலியில் சல்ஃபோராஃபேன் என்ற சேர்வை ஆயத்தமாக இருப்பதில்லை. அதன் முன்னோடியும் அதை மாற்றும் நொதியமும் தனித்தனியாக இருக்கும். கடிக்கும்போதோ வெட்டும்போதோ இரண்டும் சந்தித்துத்தான் அது உண்டாகிறது. வேகவைத்தால் நொதியம் இயல்பிழந்துவிடும். ஆகவே வெட்டிச் சற்று நேரம் வைத்துப் பின் சமைப்பது நல்லது. சமைத்த பிறகு கடுகுத்தூள் தூவினாலும் பலன் உண்டு, ஏனென்றால் கடுகிலும் அதே நொதியம் இருக்கிறது. முருங்கையும் இதே தாவர வருணத்தைச் சேர்ந்தது. அதற்கென்று நெருங்கிய உறவான சேர்வை ஒன்று உண்டு.

சல்ஃபோராஃபேனை 1992 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் போல் தலாலேயின் குழு புரொக்கோலியிலிருந்து பிரித்தெடுத்தது. அது கலத்தின் பாதுகாப்பு நொதியங்களைத் தூண்டும் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தை விடுவிக்கிறது. ஜேர்மனியின் ஃபிராங்ஃபேர்ட் ஆய்வாளர்கள், எவரோலிமஸ் என்ற மருந்துக்கு இசைந்துபோய் அடங்க மறுக்கும் சிறுநீரகப் புற்றுநோய்க் கலங்கள்மீது சல்ஃபோராஃபேனையும் சேர்த்தபோது அவை மீண்டும் அடங்குவதைக் கண்டார்கள். மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்து. எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இந்த வழிதான். ஆனாலும் இதற்குள்ளும் ஒரு முள் இருக்கிறது. சிறுநீரகப் புற்றுநோயின் இன்னொரு வகையில், இரண்டாம் வகைப் பப்பிலரிக் கட்டிகளில், இதே என்.ஆர்.எஃப்.2 பாதை ஏற்கெனவே மிகையாக இயங்குவதாக 2016 இல் வெளியான பெரிய பரம்பரையலகு ஆய்வு காட்டியது. ஆரோக்கியமான கலத்துக்குக் கவசமாக இருப்பது புற்றுநோய்க் கலத்துக்கும் கவசமாகலாம். எந்த வகைக் கட்டி என்று தெரியாமல் "புரொக்கோலிச் சாறு குடியுங்கள்" என்று எப்படிச் சொல்வது?

இனி நெல்லி. நெல்லிக்காயும் கீழாநெல்லியும் பில்லாந்தஸ் என்ற ஒரே சாதியைச் சேர்ந்தவை. இந்தச் சாதியில் கிழக்கு ஆபிரிக்காவில் வளரும் இனம் ஒன்று உண்டு, பில்லாந்தஸ் எங்கிளரி. தன்சானியாவில் சேகரிக்கப்பட்ட அதன் பட்டையிலிருந்து எங்கிளரின் ஏ என்ற சேர்வையை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 2009 இல் வெளியிட்டார்கள். அந்நிறுவனம் பல உறுப்புகளின் புற்றுநோய்க் கலங்களை 60 வகையாக வளர்த்து வைத்திருக்கிறது. அவற்றில் 8 சிறுநீரகத்துக்குரியவை. எங்கிளரின் ஏ பெரும்பாலான மற்றவற்றை விட்டுவிட்டுச் சிறுநீரகக் கலங்களையே தேடிக் கொன்றது, அதுவும் நனோமூலர் செறிவில். குர்குமினுக்குத் தேவையான மைக்குரோமூலரோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே உடல் சிலிர்த்தது. அந்தச் சேர்வையை அதே ஆண்டிலேயே இரசாயனவியலாளர்கள் செயற்கையாகவும் தொகுத்துவிட்டார்கள்.

2015 இல் அதன் இரகசியம் வெளிப்பட்டது. எங்கிளரின் ஏ கலமென்சவ்விலுள்ள இரண்டு அயன் கால்வாய்களைத் திறந்துவிடுகிறது. கல்சியம் அயன்களும் சோடியம் அயன்களும் வெள்ளமாக உட்புகுகின்றன. பல சிறுநீரகப் புற்றுநோய்க் கலங்களில் இக்கால்வாய்கள் நிறைய இருப்பதால் அவை இறக்கின்றன. ஆனால் அதே கால்வாய்கள் உடலின் நல்ல கலங்களிலும் உண்டு. சேர்வையை விலங்குகளின் குருதியில் செலுத்தியபோது மிகச் சிறிய அளவிலேயே அவை இறந்தன. வாய்வழியாகக் கொடுத்தால் இரைப்பையிலேயே உடைந்து பயனற்றுப் போனது. இன்றுவரை அது மருந்தாகவில்லை. நமது நெல்லிக்காயில் இந்தச் சேர்வை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இனம் வேறு, பட்டை வேறு, காய் வேறு.

தாவரம் என்றால் தீங்கில்லை என்று நினைப்பவர்களுக்கு அரிஸ்ரொலோக்கிக் அமிலத்தை நினைவூட்ட வேண்டும். நம் நாட்டு மூலிகை மருத்துவத்தில் பயன்பட்டுவந்த ஈஸ்வரமூலியின் சாதியில் இருக்கும் சேர்வை அது. பெல்ஜியத்தில் 1990 களின் தொடக்கத்தில் உடல் மெலிவதற்கான மூலிகை வில்லைகளை உண்ட ஏறத்தாழ நூறு பெண்களின் சிறுநீரகங்கள் இதனால் பழுதடைந்தன. சிலருக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது. பால்கன் நாடுகளில் கோதுமை வயல்களில் களையாக வளரும் இச்சாதித் தாவரத்தின் விதைகள் மாவில் கலந்து, தலைமுறைகளாக ரொட்டியோடு உள்ளே போயிருக்கின்றன. 2014 இல், ருமேனிய நோயாளிகளின் தெளிகலச் சிறுநீரகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றின் டீ.என்.ஏ. யில் இந்த அமிலம் விட்டுச்செல்லும் விகார அடையாளம் கண்டறியப்பட்டது. நமது தோட்டத்துக் காமரங்காவும் அவ்வளவு அப்பாவி அல்ல. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதன் சாறு கடும் விக்கலையும் மயக்கத்தையும் வலிப்பையும் தரக்கூடும்.

அப்படியானால் தாவரங்களிலிருந்து மருந்தே வராதா? வரும், வந்திருக்கிறது. நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்ரின் வந்தது. ஆனால் அது இலைச்சாறாக வரவில்லை. பிரித்தெடுத்து, நிறுத்து, மில்லிகிராம் கணக்கில் நாளத்தில் செலுத்தும் மருந்தாக வந்தது. சிறுநீரகப் புற்றுநோயில் வி.எச்.எல். கண்டறியப்பட்டது 1993 இல். அதன் தர்க்கத்தின்படி ஹிஃபை நேரடியாகத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2021 இல். 28 வருடம். அது ஆய்வுகூடத்தில் வடிவமைக்கப்பட்ட மூலக்கூறு. உணவுச் சேர்வைகள் இந்தப் பாதையில் இன்னும் முதற் படிகளில்தான் நிற்கின்றன.

பெற்றோருக்கு ஒரு விடயம். இந்நோய் பெரும்பாலும் வலியில்லாமல் வளரும். வலியின்றிச் சிறுநீரில் குருதி ஒருமுறை வந்து தானாக நின்றுவிடலாம். பீற்றூட் சாப்பிட்டவர்களில் சிலருக்கும் சிறுநீர் சிவக்கும். அது பீற்றலைன் என்ற நிறப்பொருளின் வேலை, ஒன்றிரண்டு நாளில் போய்விடும். மாமாவும் முதல்முறை பீற்றூட் என்றுதான் நினைத்தார். அந்த வாரம் வீட்டில் பீற்றூட் சமைக்கவே இல்லை என்று மாமி பிறகு சொன்னார். பீற்றூட் சாப்பிடாமல் சிவந்தால், ஒரே ஒரு தடவையாக இருந்தாலும், ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.